69 அடி என்றால் எங்கள் தெருவுக்கு என்ன பொருள்? வெள்ள எச்சரிக்கையைச் சொல்லும் நான்கு முறைகள், ஓர் ஒப்பீடு

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம் என்பது, தேனியிலிருந்து இராமநாதபுரம் வரை ஆற்றை ஒட்டி வாழ்பவர்களுக்கு நாளிதழ் படித்தே மனப்பாடமாகிவிட்ட வரிசை. அணையில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியும். ஆயினும் மதுரையில் வடகரையில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் என்னிடம், மூன்றாம் கட்டம் அறிவித்துவிட்டார்களே, உங்கள் தெருவுக்குள் தண்ணீர் வருமா என்று ஒருவர் கேட்டால், தெரியாது என்பதைத் தவிர வேறு நேர்மையான பதில் என்னிடம் இல்லை. அந்த எண்கள் எங்கள் தெருவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் அணையின் நிலையைச் சொல்கின்றன. இடையில் மஞ்சளாறும் மருதாநதியும் அணைக்குக் கீழே வந்து ஆற்றில் சேருகின்றன. ஊருக்குள் பெய்யும் மழையோ, வாய்க்கால்கள் அடைத்திருக்கின்றனவா திறந்திருக்கின்றனவா என்பதோ அணையின் அளவுகோலில் தெரியப்போவதில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கம் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கை வெளியான பிறகு, அதைக் கோயில் ஒலிபெருக்கியிலும் வாடகை ஆட்டோவிலும் வாட்ஸ்அப் குழுவிலும் எங்கள் ஐந்தாறு தெருக்களுக்குக் கொண்டுசேர்க்கும் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதே கேள்வி. எச்சரிக்கை விடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அரசு சொன்னதை ஒரு தெருவின் மொழிக்குக் கொண்டுவருவது யாராவது செய்தாக வேண்டிய வேலை. கூட்டத்தில் நான்கு கருத்துகள் வந்தன. உறுதியாகத் தெரியும்வரை எதுவும் சொல்ல வேண்டாம் என்றார் ஒருவர். அரசு சொல்லும் கட்டத்தையும் நிறத்தையும் அப்படியே திருப்பிச் சொன்னால் போதும் என்றார் இன்னொருவர். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணாகவே சொல்லிவிடலாம் என்பது பொறியியல் படித்த இளைஞர்களின் வாதம். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்றே ஒப்புக்கொண்டு, அடுத்து எப்போது பேசுவோம் என்பதையும் சேர்த்துச் சொல்வது நான்காவது. ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இந்தக் கேள்வி எங்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை மாலையில், ஆற்றில் வெள்ளம் வருகிறது என்ற வதந்தி தெருவில் கிளம்பியபோது, எங்கள் குழுவில் ஒருவர் ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு, அணையிலிருந்து தண்ணீர் திறக்கவில்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்று பதிவிட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை, அணை திறக்கப்படவில்லைதான். இருட்டிய பிறகு தண்ணீர் வந்தது வாய்க்காலிலிருந்து. முனைவீட்டுத் திண்ணையில் இஸ்திரி போடும் அக்கா, அந்தப் பதிவை மகன் படித்துக் காட்டியதால், மறுநாள் கொடுக்க வேண்டிய துணி மூட்டைகளைத் திண்ணைக்குக் கீழேயே விட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தார். விடிந்தபோது முழங்கால் உயரச் சேற்றுத் தண்ணீரில் இரண்டு வெள்ளை வேட்டிகள் மிதந்தன. அடுத்த ஒரு வாரம் அவர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். குழுவில் பதிவிட்டவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன், ஏனெனில் அந்தப் பதிவுக்கு முதலில் கைகூப்பிய படம் போட்டது நான்தான்.

முதல் வழியை, அதாவது உறுதியாகத் தெரியும்வரை பேசாதிருப்பதை, நான் அதிகம் ஆராயப்போவதில்லை. அதன் நோக்கம் நல்லதுதான்: பீதி பரவக்கூடாது, சொன்ன சொல் தவறக்கூடாது. ஆனால் பேசாமல் இருப்பது என்பது நடைமுறையில் பேசாமல் இருப்பதாக முடிவதில்லை. மக்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேள்வி முற்றும்போது பொறுப்பில் இருப்பவர் வாயிலிருந்து ஆறுதல் வந்துவிடும். இத்தாலியில் லாக்விலா நகரில் 2009-இன் தொடக்க மாதங்களில் சிறு நில அதிர்வுகள் தொடர்ந்து வந்தபோது நடந்தது இதுதான். மார்ச் 31 அன்று நிபுணர்கள் கூடினார்கள். பேரிடர் துறையின் துணைத் தலைவர், ஆபத்து ஒன்றும் இல்லை, சிறு அதிர்வுகளால் நிலத்தின் ஆற்றல் வெளியேறுவது நல்லதே என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். ஏப்ரல் 6 அதிகாலை 6.3 அளவிலான நிலநடுக்கத்தில் 309 பேர் இறந்தார்கள். அதிர்வு வந்தால் வெளியே போய் வெட்டவெளியில் இரவைக் கழிப்பது அந்த ஊரின் பழக்கம். அந்த ஆறுதலை நம்பி அன்றிரவு சில குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டன என்பது பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்தது. 2012-இல் ஏழு பேருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014 மேல்முறையீட்டில் ஆறு அறிவியலாளர்கள் விடுவிக்கப்பட, அந்த அதிகாரியின் தண்டனை மட்டும் இரண்டு ஆண்டாகக் குறைந்து நிலைத்தது. நிலநடுக்கத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் சொல்லாததற்காக அவர்களைக் குறை கூற முடியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதுதான் உயிரைக் குடித்தது. எங்கள் குழுவின் அந்த ஒருவரிப் பதிவும் இதே இனம்தான். ஊர் சிறியது, இழப்பு துணிமூட்டை அளவோடு நின்றது என்பதே வேறுபாடு.

இரண்டாம் வழி, கட்டத்தையும் நிறத்தையும் அப்படியே சொல்வது. இதன் வசதி பெரியது. சங்கத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அரசு சொன்னதைச் சொன்னோம், அவ்வளவுதான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிறங்களும் எளிமையானவை: மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இன்று ரெட் அலர்ட் என்றால் என்னவென்று தெரியும். பெரும்பாலும் விடுமுறை என்று தெரியும். சிக்கல், ஒரு நிறத்துக்குள் எத்தனை விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதில்தான். நிகழும் வாய்ப்பு குறைவு, ஆனால் நிகழ்ந்தால் பேரழிவு என்பதற்கும், வாய்ப்பு அதிகம், பாதிப்பு நடுத்தரம் என்பதற்கும் ஒரே நிறம் கிடைக்கலாம். முதலாவதைக் கேட்டவர் மூத்தவர்களை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவதைக் கேட்டவர் வண்டியை மேட்டில் நிறுத்தினால் போதும். நிறம் இருவருக்கும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. தவிர, நிறம் மாவட்டத்துக்கு விடப்படுவது. பேரையூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும் மழையில் மேலூரில் தூறல்கூட இல்லாமல் போவதை இந்த மாவட்டத்தில் இருப்பவர்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

சொற்களும் இதே சிக்கலைக் கொண்டவைதான். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை என்பது துறையின் வரையறை. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பிற்பகல் 3 மணியிலிருந்து கால் மணி நேரத்தில் மட்டும் 4.5 சென்டிமீட்டர் கொட்டியது. அன்றைய மொத்த மழை 10 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி வழிய, செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மொத்த அளவை அட்டவணையில் வைத்துப் பார்த்தால் அது மூன்று படிகளில் மிகக் கீழானதாகிய கனமழைதான். அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் எடுத்தால் கனமழைப் படியைக்கூட எட்டாது. நாள் முழுவதும் நின்று பெய்யும் மழைக்கும் கால் மணியில் கொட்டும் மழைக்கும் இந்த அட்டவணையில் வேறுபாடு இல்லை. வாய்க்காலுக்கு அந்த வேறுபாடுதான் எல்லாமே. அணையின் எந்தக் கட்ட எச்சரிக்கையும் அந்தப் பிற்பகலை முன்னறிவித்திருக்கப் போவதுமில்லை.

ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும் என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். வானிலை மொழியில் ஓரிரு இடங்கள் என்பது, அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை என்ற பொருள் கொண்ட கலைச்சொல். மழையின் பரப்பைக் குறிப்பது, மழை வரும் வாய்ப்பைக் குறிப்பதல்ல. தேநீர்க் கடையில் அதைக் கேட்பவர், எங்கேயோ ஓரிரண்டு இடத்தில்தானே, நமக்கில்லை என்று எடுத்துக்கொள்கிறார். இதை நம் மக்களின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. நாளை மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்றால் என்ன பொருள் என்று ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் தெருவில் போவோரிடம் கேட்ட ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. நாளையைப் போன்ற பத்து நாள்களில் மூன்றில் மழை பெய்யும் என்பதே அதன் சரியான பொருள். நியூயார்க்கில் மட்டுமே பெரும்பான்மையினர் அதைச் சொன்னார்கள். மற்ற நகரங்களில் பலர், நாளில் 30 சதவீத நேரம் பெய்யும் என்றோ, 30 சதவீதப் பரப்பில் பெய்யும் என்றோ விளங்கிக்கொண்டிருந்தார்கள்.

தமிழுக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு, அதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். நம் மொழியில் ‘லாம்’ விகுதி வாய்ப்பையும் குறிக்கும், அனுமதியையும் குறிக்கும். தண்ணீர் வரலாம் என்பது வாய்ப்பு. நீங்கள் வரலாம் என்பது அனுமதி. கரையோரத்தில் இருப்பவர்கள் வெளியேறலாம் என்று ஒலிபெருக்கியில் கேட்டால், அது கட்டளையா, ஆலோசனையா, விருப்பமிருந்தால் செய்யும் காரியமா என்று யாரால் சொல்ல முடியும்? இதற்கு நேர் எதிர்த்திசையில், அறிவுறுத்தப்படுகிறார்கள், கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று முடியும் அரசு வாசகங்களில் பேசுகிறவர் யாரென்றே தெரிவதில்லை. பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்ற பதிவு ஆட்டோவில் ஓடியபோது, தரைப்பாலத்தின் இரு முனையிலும் கூட்டம் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் புதுத்தண்ணீரைப் படமெடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை தாங்கள் நின்ற இடமே பாதுகாப்பான இடம். இல்லை என்று யாரும் பெயர் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

மூன்றாம் வழியாகிய எண்களை நான் விரும்புகிறவன், எனவே அதன்மீது கொஞ்சம் கூடுதல் கண்டிப்போடு இருக்க முயல்கிறேன். எண்ணின் முதல் பலம், அது கேட்பவரை முடிவெடுக்க விடுகிறது என்பது. வெள்ளம் வர பத்துக்கு இரண்டு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இஸ்திரி அக்காவுக்கு மூட்டைகளை மாடிப்படிக்கு ஏற்ற அரை மணி நேர உழைப்புத்தான் செலவு. ஏற்றாமல் தண்ணீர் வந்தால் ஒரு மாத வருமானமும் வாடிக்கையாளர்களின் நம்பிக்கையும் போகும். அவர் பத்துக்கு ஒன்று என்றாலே ஏற்றிவிடுவது சரி. எங்கள் தெருவிலேயே, பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு போவது அவர் உடலுக்கே ஆபத்து. அவர் வீட்டார் பத்துக்கு ஐந்தாறு வரை காத்திருக்க நினைக்கலாம், அல்லது இருட்டும் முன்பே போய்விடுவது நல்லது என்று நினைக்கலாம். ஒரே நிறத்தை இருவருக்கும் காட்டினால், ஒருவருக்கு அது தாமதம், மற்றவருக்கு அவசரம். ஒரு எண், அதன் வீச்சோடு கிடைத்தால், இருவரும் தத்தம் கணக்கைப் போட்டுக்கொள்வார்கள். நம் ஊர் மக்களுக்குச் சதவீதம் புரியாது என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு முன்தினம் மல்லிகை விலை எதுவரை ஏறும், எவ்வளவு வாங்கி வைத்தால் நட்டமில்லை என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு, பத்துக்கு மூன்று என்றால் புரியாது என்பதை நான் ஏற்கவில்லை.

நிச்சயமின்மையைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்ற அச்சத்துக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு புள்ளிவிவரத்தோடு அதன் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் எண்ணாகத் தந்தபோது, வாசகர்களின் நம்பிக்கை மிகச் சிறிதளவே குறைந்தது. கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்லால் மட்டும் மழுப்பியபோது அதைவிட அதிகமாகக் குறைந்தது. மழுப்பல்தான் மக்களுக்கு உறுத்துகிறது, எல்லை வகுத்துச் சொல்வது அவ்வளவாக உறுத்துவதில்லை.

ஆனால் எல்லை இல்லாத தனி எண், நிறத்தைவிட ஆபத்தானது. 1997-இல் அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்தில் சிவப்பாறு பெருகியபோது, வெள்ளம் 49 அடி வரை வரும் என்று முன்கணிப்பு வந்தது. ஊர் மக்கள் அந்த எண்ணைக் கூரையாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் சில அடிகள் சேர்த்துக் கரையை உயர்த்தினார்கள். தண்ணீர் 54 அடியைத் தாண்டியது, ஊர் காலியானது. கணித்தவர்களின் பிழை பெரிதில்லை. அத்தகைய கணிப்பு எவ்வளவு தவறக்கூடும் என்று அவர்களுக்கே தெரியும். அந்தத் தெரிதல் எண்ணோடு சேர்ந்து ஊருக்குப் போகவில்லை என்பதுதான் கேடு. அதே எண்ணை 49, ஆனால் ஐந்து அடி கூடினாலும் வியப்பில்லை என்று சொல்லியிருந்தால், மணல் மூட்டை அடுக்கியவர்கள் வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

எண்ணுக்கு இன்னொரு குறை, அதன் அலகு. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது என்பதைப் பின்னர் தமிழ்நாடே பேசியது. அடையாற்றங்கரையில் ஒரு வீட்டில் எத்தனையாவது படிவரை ஏறும் என்பதை அந்த எண் யாருக்கும் சொல்லியிருக்காது. மதுரையில் கன அடியைக் கண்ணால் பார்த்தவர் எவருமில்லை. ஆனால் யானைக்கல் தரைப்பாலம் மூழ்குவதும், ஆற்றின் நடுவே நிற்கும் மைய மண்டபத்தைத் தண்ணீர் சூழ்வதும் எல்லாரும் பார்த்த அளவுகள். கன அடியைச் சொல்லி, அது தரைப்பாலத்தில் எந்த மட்டம் என்பதையும் நீர்வளத் துறை சேர்த்துச் சொன்னால், அந்த எண்ணுக்கு அப்போதுதான் உயிர் வரும். அதைச் சங்கமே ஊகித்துச் சொல்லக்கூடாது. நாங்கள் கேட்டுப் பெற வேண்டிய தகவல் அது. வாய்ப்பு விகிதமும் அப்படியே. அதிகாரப்பூர்வமாக வராத எண்ணை நாங்களாக உருவாக்கினால், நாங்கள் லாக்விலாவின் மறுபக்கத்துக்குப் போய்ச் சேருவோம். எனவே மூன்றாம் வழி எவ்வளவு சிறந்ததாயினும், தனியாக நம் கையில் இருக்கும் வழி அன்று. மேலிருந்து எண் வரும் நாள்களில் மட்டுமே அது திறக்கும்.

நான்காம் வழியின் சாரம் பழையது. வைகை கரையுடைத்த கதையில் பாண்டியனின் பறைசாற்றியவன் கட்டம் எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள், அளந்து கொடுத்த பங்கை அடைக்க வேண்டும் என்றான். பிட்டு விற்ற வந்திக் கிழவிக்குக்கூடத் தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்பதில் ஐயம் இருக்கவில்லை. ஆள் இல்லை என்பதுதான் அவள் கவலை. ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்புக்குப் போகிறவர்கள் இந்தக் கோணத்தில் அதை நினைப்பதில்லை, ஆனால் எச்சரிக்கை வாசகத்தின் முதல் இலக்கணம் அந்தக் கதையில் இருக்கிறது: யார், எதை, எவ்வளவு, எப்போதைக்குள்.

இதோடு உலக சுகாதார அமைப்பு 2017-இல் வெளியிட்ட அவசரகாலத் தகவல் வழிகாட்டி ஒன்றைச் சேர்க்கிறது. ஆபத்தைப் பற்றிய அறிவிப்பில், இந்த நேரத்தில் எது தெரியும், எது தெரியாது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் பரிந்துரை. கொரோனாவில் நாம் பட்டது இதன் மறுபக்கம். தமிழ்நாட்டில் அத்தொற்றின் முதல் இறப்பு 2020 மார்ச் இறுதியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. அந்த வாரங்களில் நலமாக இருப்பவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று உலகெங்கும் சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் உலக சுகாதார அமைப்பு தன் ஆலோசனையை மாற்றி, தொற்று பரவும் இடங்களில் பொதுமக்களும் அணிய வேண்டும் என்றது. அறிவு வளர வளர ஆலோசனை மாறுவது இயல்பு. முதலில் சொன்னபோதே, இன்று எங்களுக்குத் தெரிந்தவரை இதுதான், மாறினால் சொல்வோம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அன்று வேண்டாம் என்றாய், இன்று வேண்டும் என்கிறாய் என்ற வாக்குவாதம் டீக்கடைகளில் பாதியாகக் குறைந்திருக்கும்.

இவ்வழிக்கு எதிராகச் சங்கத்தில் வலுவாக வைக்கப்பட்ட வாதம், புலி வருது கதை. போங்கள் என்று சொல்லி, தண்ணீர் வராமல் போனால், அடுத்த முறை எவரும் அசைய மாட்டார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கதையில் அந்தப் பையன் வராத புலியை வருது என்றான். வந்தாலும் வரும், காட்டோரத்தில் இருப்பவர்கள் மட்டும் ஆடுகளைக் கட்டுங்கள் என்று அவன் சொல்லியிருந்தால், ஊர் அவனைப் பொய்யன் என்று முடிவுகட்டியிருக்காது. தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டவருக்கு, வராத வெள்ளம் பிழையாகாது. எல்லாரையும் கிளப்பாமல், யார் முதலில் நகர வேண்டுமோ அவர்களை மட்டும் நகரச் சொல்வதும் இந்த அச்சத்தைக் குறைக்கும்.

அறிவிப்பை எதன் மூலம் கொண்டுசேர்ப்பது என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தண்டோராவை அரசு 2022-இல் நிறுத்தச் சொல்லிவிட்டது, நல்லதே. அந்தத் தொழிலில் ஒருவரை இழுத்துவைத்திருந்த சாதி முறையும் அதோடு போகட்டும். 2023-இல் சோதித்துப் பார்த்த, கைப்பேசியை அலறவைக்கும் எச்சரிக்கை, தூங்குகிறவரை எழுப்ப உதவும். எழுந்தவர் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். பட்டன் போன் வைத்திருக்கும் மூத்தவர்கள் இன்னும் ஒலிபெருக்கியை நம்பியே இருக்கிறார்கள்.

என் பரிந்துரை நான்காம் வழி. அதிகாரிகளிடமிருந்து வீச்சோடு கூடிய எண் வரும் நாளில் மூன்றாவதை அதற்குள் சேர்த்துக்கொள்வது. அரசு சொன்ன கட்டத்தை மாற்றாமல் முதல் வரியில் வைத்துவிட வேண்டும், ஏனெனில் நாளிதழில் படித்தவர் அதைத்தான் தேடுவார். மாதிரியாக நான் எழுதிக் கொடுத்த வாசகம் இது:

‘மாலை 5 மணி அறிவிப்பு. வைகை அணையில் மூன்றாம் கட்ட வெள்ள எச்சரிக்கை விடப்பட்டிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் கூடும், அது உறுதி. நம் தெருவுக்குள் வருமா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. அணைக்குக் கீழே இரவில் மழை பெய்வதையும், வாய்க்கால் நிலையையும் பொறுத்தது அது. ஆற்றுக்குள் கட்டியிருக்கும் மாடுகளை இப்போதே ஓட்டிவாருங்கள். தரைப்பாலத்தில் போகாதீர்கள், வேடிக்கை பார்க்கவும் நிற்காதீர்கள். படுத்த படுக்கையில் ஆள் உள்ள வீட்டார், கைக்குழந்தை உள்ளவர்கள் இருட்டும் முன் மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள், கதவு திறந்திருக்கிறது. மற்றவர்கள் தரையில் உள்ள பொருள்களை மேலே ஏற்றி வையுங்கள். இப்போதைக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. அடுத்த அறிவிப்பு இரவு 8 மணிக்கு. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் 8 மணிக்குச் சொல்வோம்.’

இதில் எத்தனையோ சொற்களைக் கூட்டத்தில் வெட்டினார்கள். யாருக்கும் தெரியாது என்ற வரியைச் செயலாளர் இருமுறை அடித்தார். இருமுறையும் இஸ்திரி அக்கா, அது இருக்கட்டும் அண்ணே என்று சொல்லி மீட்டார். எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரி. நிச்சயமின்மையைத் தாங்கிக்கொள்ள மக்களால் முடியும். எப்போது தெரியவரும் என்பதே தெரியாமல் இருப்பதுதான் அவர்களை வதந்தியிடம் விரட்டுகிறது. ஆனால் அந்த வரிக்குத்தான் விலையும் அதிகம். மணி 8-க்குச் சொல்வோம் என்றால் 8-க்குச் சொல்ல வேண்டும். 11-க்கு, பிறகு விடியற்காலை 2-க்கும். மற்ற மூன்று வழிகளில் எதற்கும் இரவெல்லாம் விழித்திருக்கும் ஆள் தேவைப்படாது. முறை வைத்து விழித்திருக்க இதுவரை இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், நானும் சேர்ந்தால் மூன்று. 2 மணி முறைக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் கிடைக்காவிட்டால் வாசகத்திலிருந்து அந்த நேரத்தை எடுத்துவிட்டு, அடுத்த அறிவிப்பு காலை 5 மணிக்கு என்றே எழுத வேண்டும்.